தலங்காத்த தாய்: அகல்யாபாய் அம்மையார்

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கே ஊரின் அருமை தெரியும் என்பர் பெரியோர். நமது காலனியிலுள்ள குடும்பங்களில் சில தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவை. சில காவிரிக் கரையிலிருந்து வந்தவை. மதுரைச் சீமையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்தவை சில. உத்தியோகத்தின் பொருட்டு விந்திய மலைக்கு இப்பால் வந்து இரண்டு தலைமுறை ஆகியும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் மறையவில்லை. எங்கோ ஒரு வேப்பமரத்தடியில் இருக்கும் அத்தெய்வத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலர்வதைக் காண்கிறோம்.

ஆனால், நம் குழந்தைகளில் பலர் பிறந்த ஊர் இதுவே. தாத்தாவின் ஊர் அவர்களுக்குக் கோடை விடுமுறையில் பார்க்கும் ஊர். ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. ஓர் இடம் புனிதமாவது எதனால்? அங்கே பிறந்ததனாலா? அதை ஆள்வதனாலா? அதை நினைத்துக் கொண்டிருப்பதனால் மட்டும் அந்த இடம் நிலைத்து விடுமா?

இக்கேள்விக்கு நூல்களைப் புரட்டி விடை தேட வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இந்த மாளவ நாட்டை 28 ஆண்டுக் காலம் ஆண்ட ஓர் அம்மையாரின் வாழ்க்கையே விடையாக நிற்கிறது. அவர்தாம் மகாராணி அகல்யாபாய் ஹோல்கர். இங்குள்ள பள்ளிகளில் நம் குழந்தைகள் அவர் பெயரைப் படிக்கின்றனர். இந்தூர் விமான நிலையமும் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. ஆயினும் பெயரை அறிந்த அளவுக்கு அவர் பட்ட துயரத்தையும் அத்துயரத்திலிருந்து அவர் செய்த தொண்டையும் நம்மவர் அறியார். அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் மணமும்

மராட்டிய நாட்டில் அகமதுநகர் மாவட்டத்தில் சௌண்டி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அகல்யாபாய் பிறந்தார். தந்தையார் மாங்கோஜி ஷிண்டே அவ்வூர்ப் பட்டேல், அதாவது மணியக்காரர். பெண்கள் கல்வி கற்பது அரிதாக இருந்த அக்காலத்தில் அவர் தம் மகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். பின்னாளில் அரசின் கணக்குகளை அம்மையார் தாமே பார்த்துத் திருத்தியதற்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

அந்நாளில் பேஷ்வாவின் தளபதிகளுள் மல்ஹார் ராவ் ஹோல்கர் தலைசிறந்தவர். ஆடு மேய்க்கும் குலத்தில் பிறந்து, தம் வாள் வலியினாலும் அறிவு வலியினாலும் மாளவத்தின் பெரும்பகுதிக்குத் தலைவரானவர். ஒரு பயணத்தின்போது அவர் சௌண்டியில் தங்கினார் என்றும், அவ்வூர்க் கோயிலில் வழிபாடு செய்துகொண்டிருந்த சிறுமியைக் கண்டு, இவளே நம் வீட்டு மருமகளாகத் தக்கவள் என்று தீர்மானித்தார் என்றும் சொல்வர். அவருடைய ஒரே மகன் கண்டே ராவுக்கும் அகல்யாபாய்க்கும் 1733-இல் மணம் நடந்தது. அப்போது அம்மையாருக்கு வயது எட்டு.

மாமனார் மருமகளை அடுப்பங்கரையில் அடைத்து வைக்கவில்லை. வரவு செலவு, படைக்கு வேண்டிய தளவாடம், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கினார். தாம் போர்க்களத்தில் இருக்கும்போது பீரங்கிக்கு வேண்டியவற்றைத் திரட்டி அனுப்பும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். மாலே ராவ் என்ற மகனும் முக்தாபாய் என்ற மகளும் பிறந்தனர்.

அடுக்கடுக்காய் வந்த துயரம்

1754-ஆம் ஆண்டு மராட்டியர் பரத்பூர்ப் பக்கத்திலுள்ள கும்ஹேர்க் கோட்டையை முற்றுகையிட்டனர். கோட்டையிலிருந்து பாய்ந்த பீரங்கிக் குண்டொன்று கண்டே ராவின் உயிரைக் குடித்தது. அகல்யாபாய் இருபத்தெட்டு வயதில் கைம்பெண் ஆனார். அக்கால வழக்கப்படி கணவரின் சிதையில் தாமும் ஏறத் துணிந்தார். முதியவரான மல்ஹார் ராவ் மருமகளின் எதிரே நின்று கண்ணீர் விட்டுக் கதறினார். தம் மகனே போய்விட்டான், இனி இக்குலத்துக்கும் இந்நாட்டுக்கும் யார் இருக்கிறார்கள் என்று மன்றாடினார். அவர் வேண்டுகோளுக்கு இணங்கி அம்மையார் உயிர் தரித்தார். மாமனாரின் அந்தக் கண்ணீர் இல்லையேல், பின்னாளில் நாம் காணும் காசியும் கயையும் இப்போதுள்ளவாறு இரா.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1766-இல், மல்ஹார் ராவ் ஆலம்பூரில் காலமானார். பேரன் மாலே ராவ் பட்டத்துக்கு வந்தான். அவனுக்கு மனநிலை சரியில்லை. ஓராண்டு நிறைவதற்குள், 1767-இல், அவனும் மாண்டான். கணவர், மாமனார், மகன் என்று ஒருவர்பின் ஒருவராக மூவரையும் அம்மையார் இழந்தார்.

அவர் இத்துயரத்தை எவ்வாறு தாங்கினார் என்பதை உற்று நோக்கவேண்டும். மாமனார் மறைந்த ஆலம்பூரில் ஒரு சத்திரி எழுப்புவித்தார். சத்திரி என்பது இந்நாட்டில் மறைந்தோர் நினைவாக எழுப்பும் மண்டபம். நம் நாட்டுப் பள்ளிப்படை போன்றது. கணவர் வீழ்ந்த கும்ஹேரின் பக்கத்திலும் அவருக்குச் சத்திரி எழுந்தது. பரத்பூர்ச் சீமையிலுள்ள அந்தப் பொட்டல் அவருடைய நாடன்று, பகைவர் நாடு. ஆயினும் அன்பர் ஒருவரின் உயிர் பிரிந்த இடமாதலின் அது அவருக்கு வேற்றிடம் ஆகாமல் போயிற்று. ஆளுகின்ற நிலம் வேறு, நினைக்கின்ற நிலம் வேறு என்பதை அவர் தம் சொந்தத் துயரத்தில் கற்றார் என்று நாம் கருதுகிறோம்.

ஆட்சி

மாலே ராவுக்குப்பின் ஆண் வாரிசு இல்லை. கங்காதர் யசுவந்த் என்ற திவான், ஒரு சிறுவனைத் தத்தெடுத்து அவன் பெயரால் ஆட்சி நடத்தலாம் என்று யோசனை கூறினார். ஆட்சி உண்மையில் தம் கையில் இருக்கும் என்பது அவர் எண்ணம். அம்மையார் அதற்கு இணங்கவில்லை. உடனே திவான் பேஷ்வாவின் சிற்றப்பனான ரகுநாத ராவைத் துணைக்கு அழைத்தார். அவரும் படையுடன் வந்தார்.

அம்மையார் அஞ்சவில்லை. படையைத் திரட்டியதோடு மற்ற மராட்டியத் தலைவர்களுக்கும் ஓலை போக்கி ஆதரவு தேடினார். ஒரு பெண்ணை வென்றால் உமக்குப் புகழ் இல்லை, தோற்றாலோ பழி நீங்காது என்ற கருத்துப்பட ரகுநாத ராவுக்குச் செய்தி அனுப்பினார் என்பர். சண்டைக்கு வந்தவர், துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொல்லிப் படையை விலக்கிக்கொண்டார். பேஷ்வா மாதவ ராவும் அம்மையாரின் உரிமையை ஒப்புக்கொண்டார். 1767-இல் அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். படைகளை நடத்தத் துக்கோஜி ஹோல்கரைத் தளபதியாக அமர்த்தினார். குடிகளைக் காக்கும் பொறுப்பைத் தாமே வைத்துக்கொண்டார்.

தலைநகரை இந்தூரில் வைக்காமல் நர்மதை நதிக்கரையிலுள்ள மகேசுவரத்தில் வைத்தார். கோட்டைக்குள்ளே அவர் வாழ்ந்த மனையை இன்றும் காணலாம். மரத்தூண்களுடன் கூடிய எளிய வீடு. வெள்ளைப் புடவை உடுத்து, நாள்தோறும் நதியில் நீராடிச் சிவபூசை முடித்தபின் முறையீடுகளைக் கேட்கத் திறந்த சபையில் அமர்வார். எளியவரும் நேரே வந்து குறை சொல்லலாம். நாட்டைச் சிவபெருமானுக்கே ஒப்படைத்துவிட்டுத் தாம் அவருடைய காரியஸ்தராக இருந்து ஆள்வதாகவே அவர் எண்ணினார். அரசாணைகளில் தம் பெயரை இடாமல் ஸ்ரீசங்கரர் பெயரையே இடுவித்தார்.

மகேசுவரத்துக்கு வெளியூர்களிலிருந்து நெசவாளர்களை அழைத்து வந்து குடியமர்த்தினார். நம் வீட்டுப் பெண்மணிகள் விரும்பி வாங்கும் மகேசுவரிப் புடவை அவ்வாறு வளர்ந்த தொழிலின் பயனே. கோட்டையிலும் படித்துறையிலும் செதுக்கிய கோலங்களைப் பார்த்து அப்புடவைக் கரைகளை அமைத்தனர் என்பர். பிழைக்க வந்தவர்களை ஆதரித்தால் அவர்கள் வந்த ஊருக்கே புகழ் தருவர் என்பதற்கு இது சான்று. குடியேறி வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

காசியில் செய்த திருப்பணி

இனி, அம்மையாரின் பெயரைப் பாரதம் முழுவதும் பரப்பிய திருப்பணிகளைக் காண்போம்.

காசி விசுவநாதர் கோயில் 1669-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் மசூதி எழுந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகக் காசியில் விசுவநாதருக்குத் தக்க கோயில் இல்லை. எனினும் யாத்திரிகர் வருவது நிற்கவில்லை. ஞானவாபிக் கிணற்றை வலம் வந்தனர், கங்கையில் மூழ்கினர், பிதுர்க்கடன் செய்தனர். கோயில் போனபின்னும் தலம் போகவில்லை. அங்கு வந்தவர்களின் நினைவே ஒரு நூற்றாண்டுக் காலம் தலத்தைத் தாங்கி நின்றது.

மல்ஹார் ராவ் தம் காலத்திலேயே அங்குக் கோயில் எழுப்ப விரும்பினார். படைவலி இருந்தும் அவரால் அது கைகூடவில்லை. மருமகளோ வாளை எடுக்கவில்லை. இருந்ததை இருந்தவாறே விட்டு, அதன் அருகிலேயே புதுக்கோயில் கட்டுவித்தார். அது 1780-இல் முடிந்தது. இன்று நாம் தரிசிக்கும் விசுவநாதர் சந்நிதி அதுவே. அதன் விமானத்துக்குப் பொன் வேய்ந்தவர் பின்னாளில் பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங். மணிகர்ணிகைப் படித்துறையையும் அம்மையார் செப்பனிட்டார். அவர் பெயராலேயே அகல்யா படித்துறை என்று ஒன்றும் கங்கைக் கரையில் உண்டு. 2021-இல் கோயிலைச் சுற்றிப் பெருவளாகம் அமைத்தபோது அங்கு அவருக்குச் சிலை வைத்தனர்.

சோமநாதத்திலும் இவ்வாறே செய்தார். பலமுறை இடிபட்டுப் பாழாய்க் கிடந்த பழைய கோயிலுக்குச் சற்று அப்பால் 1783-இல் புதிய கோயில் ஒன்றை அமைத்தார். இலிங்கத்தை நிலத்தின் கீழுள்ள அறையில் நிறுவினார். பழைய இடத்தில் பெருங்கோயில் எழும்பி 1951-இல் பிரதிட்டை ஆகும்வரை, சோமநாதரைத் தேடி வந்தவர்களுக்கு அம்மையாரின் சிறிய கோயிலே கதியாக இருந்தது. இன்றும் அங்கு வழிபாடு நடக்கிறது.

கயையில் விஷ்ணுபாதக் கோயிலை 1787-இல் புதுப்பித்துக் கட்டினார். கயை எத்தகைய தலம் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. மறைந்த முன்னோர்க்குப் பிண்டம் இடும் இடம் அது. பாறையில் பதிந்த திருவடியின்மேல் பிண்டத்தை வைத்துத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களைச் சொல்கிறோம். பெயர் தெரியாத முன்னோரையும், பிள்ளை இல்லாமல் போனவர்களையும் அங்கே நினைக்கிறோம். கணவரையும் மகனையும் பறிகொடுத்த ஓர் அம்மையார், எல்லாருடைய முன்னோரையும் நினைப்பதற்கான மண்டபத்தைக் கட்டினார். நம்மில் பலர் தந்தையாருக்கும் தாயாருக்கும் அம்மண்டபத்தில் நின்று பிண்டம் இட்டுள்ளோம். ஆனால் அதைக் கட்டியவர் பெயரை எத்தனை பேர் நினைத்தோம்?

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். காசி அம்மையாரின் ஆட்சியில் இல்லை. கயையில் ஆங்கிலக் கும்பெனியார் ஆண்டனர். சோமநாதமும் அவர் நாட்டைச் சேர்ந்ததன்று. இராமேசுவரமோ சேதுபதிகளின் சீமை. இவ்விடங்களிலிருந்து ஹோல்கர் அரசுக்கு ஒரு காசு வரியும் வராது. கோயில் கட்டியதனால் ஒரு காணி நிலமும் கூடாது. அப்படியிருந்தும் அவர் பொருளை வாரி வழங்கினார். தலத்துக்கு உரியவர் அதை ஆள்பவர் அல்லர், அதைப் பேணுபவரே என்பது அவர் கொள்கை போலும்.

செலவும் கட்டளையும்

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே. ஹோல்கர் அரசில் படைக்கும் நிர்வாகத்துக்கும் உரிய பணம் வேறாகவும், அரச குடும்பத்துப் பெண்டிர்க்கு உரிய காஸ்கி என்னும் சொத்தின் வருவாய் வேறாகவும் வைக்கப்பட்டிருந்தன. அறச்செலவுகளை அம்மையார் இந்தக் காஸ்கி வருவாயிலிருந்து செய்தார். அரசுக் கணக்கையும் தம் கணக்கையும் அவர் கலக்கவில்லை. கணக்குப் பேரேட்டின் முன் அமர்ந்தே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதன் பெருமை நன்கு விளங்கும்.

கட்டிவிட்டதோடு அவர் நின்றாரில்லை. கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பது எந்நாளும் செய்யவேண்டிய வேலை. நாம் நம் நாட்டில் கட்டளை என்று சொல்கிறோமே, அதைப்போல் விளக்குக்கும் பூசைக்கும் அன்னதானத்துக்கும் ஆண்டுதோறும் பணம் செல்லுமாறு ஏற்பாடு செய்தார். கங்கை நீரைக் குடங்களில் நிரப்பிக் காவடி கட்டி, தெற்கேயுள்ள தலங்களுக்குக் கொண்டு சென்று அபிஷேகம் செய்யவும் ஆட்களை அனுப்பினார். இராமேசுவரத்தில் சத்திரமும் கிணறும் அமைத்தார். எல்லோராவுக்கு அருகிலுள்ள குஷ்மேசுவரர் கோயில் முதலாகப் பல கோயில்களைப் புதுப்பித்தார். வழியெங்கும் கிணறு, தண்ணீர்ப் பந்தல், நிழல்மரம், தங்கும் விடுதி ஆகியவற்றை ஏற்படுத்தினார். கோடைக்காலத்தில் உழவு மாடுகளுக்கும் தண்ணீர் காட்ட ஆட்கள் இருந்தனர் என்பர்.

கோயிலுக்குச் செல்லும் வழியும் கோயிலின் ஒரு பகுதியே என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். வழியில் தண்ணீர் இல்லையேல் யாத்திரிகர் எவ்வாறு வந்து சேர்வர்? வருவார் இல்லையேல் தலம் எவ்வாறு நிற்கும்?

நாம் இருப்புப்பாதைப் பணியில் உள்ளவராதலின் இங்கு ஒரு செய்தியைக் கூறாமல் விட மனம் வரவில்லை. அவர் வழிவந்த இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர், காண்ட்வாவிலிருந்து இந்தூருக்கு இருப்புப்பாதை போடுவதற்காக 1870-இல் ஆங்கில அரசுக்கு ஒரு கோடி ரூபாய் கடன் கொடுத்தார். 101 ஆண்டுக்கு நூற்றுக்கு நாலரை வட்டி என்பது உடன்படிக்கை. நர்மதையைத் தாண்டி ஓங்காரேசுவரத்தின் அருகே சென்ற அப்பாதையில் எத்தனை இலட்சம் யாத்திரிகர் சென்றிருப்பர்! பாட்டியார் கிணறு வெட்டினார். பேரனார் தண்டவாளம் போட உதவினார். இரண்டும் ஒரே தொண்டுதான்.

கடைசி நாட்கள்

இவ்வளவு அறம் செய்தவருக்கு முதுமையில் அமைதி கிட்டியதா என்றால், இல்லை. மகள் முக்தாபாயின் ஒரே மகன் இளமையிலேயே இறந்தான். 1791-இல் மருமகன் யசுவந்த ராவ் பான்சேயும் காலமானார். முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தார். முன்பு மாமனார் தம்மிடம் மன்றாடியதுபோல் இப்போது அம்மையார் மகளிடம் மன்றாடினார். மகள் கேட்கவில்லை. நாட்டையெல்லாம் ஆண்ட தாயால் தன் மகளைத் தீயிலிருந்து மீட்க முடியவில்லை. நர்மதைக் கரையில் நின்று அக்கொடிய காட்சியைக் கண்டவர் பல நாள் பேச்சற்றிருந்தார் என்று அக்கால வரலாறு கூறும். பிறகு மகளுக்கும் அங்கே நினைவு மண்டபம் எழுப்பினார். 1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், தமது எழுபதாம் வயதில், அம்மையார் சிவபதம் அடைந்தார்.

கோயிலுக்கும் சத்திரத்துக்கும் செலவிட்ட பொருளைப் படைக்குச் செலவிட்டிருந்தால் ஹோல்கர் அரசு நிலைத்திருக்கும் அன்றோ என்று குறை கூறுவோர் உளர். அக்குறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அம்மையார் இருக்கும்போதே, 1793-இல், லாகேரியில் ஹோல்கர் படை சிந்தியாவின் படையிடம் தோற்றது. அவருக்குப்பின் நாட்டில் கலகமும் கொள்ளையும் மலிந்தன. 1818-இல் மந்தசோர் உடன்படிக்கையால் ஹோல்கர் அரசு ஆங்கிலேயருக்கு அடங்கியதாயிற்று. தலைநகரும் இந்தூருக்கு மாறிற்று.

ஆனால், அக்காலத்தில் படையையே நம்பி வாழ்ந்த அரசுகள் எத்தனை! அவற்றுள் எது நிலைத்தது? மராட்டியப் பேரரசே அதே 1818-இல் மறைந்தது. இந்தூர் சமஸ்தானமும் 1948-இல் மத்திய பாரதத்தோடு இணைந்துவிட்டது. பீரங்கிகள் துருப்பிடித்துவிட்டன. காசியிலும் கயையிலும் விளக்குகள் அணையவில்லை.

அறச்சொத்தும் தானே நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அம்மையாரின் அறங்களைப் பேண 1962-இல் காஸ்கி அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் அதன் சொத்துகள் சில கைமாறியதுபற்றி வழக்கு எழுந்தது. அது உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவ்வறக்கட்டளை பொது அறநிலையச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறவேண்டும் என்று 2022-இல் தீர்ப்பாயிற்று. முன்னோர் கட்டி வைத்தாலும் பின்னோர் கண்ணும் கருத்துமாக இருந்தால்தான் அறம் நிற்கும்.

நாம் செய்யத்தக்கது

பிற நாட்டில் தலத்தைப் பேணும் இப்பண்பு தமிழர்க்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் தென்பாண்டி நாட்டிலிருந்து காசிக்கு வந்த குமரகுருபர அடிகள் அங்கு மடம் நிறுவினார். நகரத்தார் 1813-இல் காசியில் சத்திரம் கண்டனர். விசுவநாதர் பூசைக்கு வேண்டிய பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் ஊர்வலமாகச் செல்கின்றன. மாளவத்து அரசி இராமேசுவரத்தில் கிணறு வெட்டினார். செட்டிநாட்டார் காசியில் சத்திரம் கட்டினர். இராமேசுவரத்து மணலைக் கங்கையில் இட்டுக் கங்கை நீரை இராமேசுவரத்துக்குக் கொணரும் நம் பழைய வழக்கத்தின் பொருளும் இதுவே.

மகேசுவரத்தில் அம்மையார் காலந்தொட்டு ஒரு வழிபாடு நடந்து வருகிறது. நாள்தோறும் காலையில் அந்தணர்கள் கருப்பு மண்ணைப் பிசைந்து சின்னஞ்சிறு சிவலிங்கங்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப் பலகையில் வரிசையாக வைத்துப் பூசிக்கின்றனர். பூசை முடிந்தபின் அனைத்தையும் நர்மதையில் கரைத்துவிடுகின்றனர். மறுநாள் மீண்டும் மண்ணைப் பிசைகின்றனர். நேற்றுச் செய்தது இன்றைக்கு உதவாது. இன்றைக்கு வேண்டியதை இன்றே செய்யவேண்டும். நினைவு என்பதும் அவ்வாறே.

ஆகவே, நம் வீடுகளில் இரண்டு செயல்கள் தவறாமல் நடைபெற வேண்டும் என்று விழைகிறோம். ஒன்று, நம் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர், பாட்டியின் ஊர், குலதெய்வம், ஊருணி, ஆறு இவற்றின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பது. இயன்றபோது அழைத்துச் சென்று காட்டுவதும், அங்கு ஒரு விளக்குக்காவது ஆண்டுதோறும் எண்ணெய்க்கு வகை செய்வதும் அதனோடு சேரும். மற்றொன்று, நமக்குச் சோறு போடும் இவ்வூரையும் வேற்றூர் என்று எண்ணாமல் இருப்பது. இங்குள்ள கோயில், குளம், பள்ளி, தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கு நம் கையும் பயன்பட வேண்டும். வேர் அங்கே இருக்கட்டும். நிழல் இங்கேயும் விழட்டும்.

அகல்யாபாய் அம்மையார் பிறந்த 300-ஆம் ஆண்டு 2025-இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அதற்கு முன்னாண்டு அகமதுநகருக்கு அகில்யாநகர் என்று அவர் பெயரையே சூட்டினர். சிற்றூர் மணியக்காரர் மகளின் பெயர் ஒரு மாவட்டத்தின் பெயராயிற்று. அவர் பேணிய தலங்கள் இன்று அவர் பெயரைப் பேணுகின்றன. அத்தாயின் நாட்டில் வாழும் பேறு பெற்ற நாம், அவர் காட்டிய வழியில் நின்று, இருக்கும் இடத்தையும் பிறந்த இடத்தையும் ஒருங்கே போற்றி வாழ்வோமாக.